ஒரே பீருக்கு மார்ச்சில் 4.25, மே மாதத்தில் 3: கோளாறு நாக்கிலா, பாட்டிலிலா?

நுரைக்கணக்கு எழுதியது:

வணக்கம். எட்டு மாதமாக வீட்டிலேயே கிராஃப்ட் பீர் வாங்கிச் சுவைத்து நோட்டில் எழுதி வருகிறேன். குடிக்கும் ஆசையைவிட எழுதும் ஆசைதான் அதிகம் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் வாரத்துக்கு இரண்டு பாட்டில்தான், மிஞ்சிப்போனால் மூன்று. இதுவரை 61 பதிவு சேர்ந்திருக்கிறது. போன ஞாயிறு முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன், வெட்கமாகப் போய்விட்டது. கசப்பும் மணமும் தூக்கலான ஐபிஏ வகை மட்டும் பதினாலு எழுதியிருக்கிறேன், பதினாலிலும் "சிட்ரஸ் மணம், நல்ல கசப்பு, மென்மையான முடிவு" என்று அதே மூன்றும் முறைவைத்துக்கொண்டு வந்து போகின்றன. பீரின் பெயரைக் கையால் மறைத்துவிட்டால் எது எதுவென்று எழுதிய எனக்கே தெரியவில்லை.

அதைவிடச் சங்கடம் ஒன்று. ஒரே பேல் ஏல் பீரை, ஏற்கெனவே எழுதியது மறந்துபோய், இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறேன். மார்ச்சில் ஐந்துக்கு 4.25, "பழக்கூடைக்குள் முகத்தை வைத்தது போல" என்று ஒரே புகழ்ச்சி. மே மாதத்தில் அதே பீர், அதே லேபிள், 3. "சப்பென்று இருக்கிறது, பின்னால் ஏதோ காகித வாடை" என்று எழுதியிருக்கிறேன். இரண்டையும் எழுதியது ஒரே ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் செய்யும் விதம் இதுதான்: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, கையில் கிடைத்த டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே எழுதுவேன். பீருக்கு மதிப்பெண் போடும் செயலியான அன்டாப்டில் மற்றவர்கள் என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று முன்னாலேயே ஒரு பார்வை பார்த்துவிடுவேன், இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நாக்கு மட்டமானதா, செய்யும் முறை தப்பா, அல்லது இந்த மதிப்பெண் சமாச்சாரமே சும்மாவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கிண்டலும் பரவாயில்லை.


தொட்டிக்காரன் எழுதியது:

நாக்கு மட்டமாக இருந்தால் இரண்டாவது முறை காகித வாடை தெரிந்திருக்காது. அதை அப்புறம் யாராவது விளக்குவார்கள், நான் முறைக்கு வருகிறேன். வீட்டில் பன்னிரண்டு வருடமாகப் பீர் காய்ச்சுகிறேன், காய்ச்சுவதைவிடச் சுவைத்து எழுதப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

முதலில் அந்தச் சாப்பாடு. காரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் நாக்கு பாதி மரத்துத்தான் இருக்கும். சரி, வாயைச் சுத்தம் செய்துகொள்வோம் என்று பல் துலக்கிவிட்டு வந்தீர்கள் என்றால் அது அதைவிட மோசம், பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கிவிடும், முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்பு நிறைந்த பீர்கூட வேப்பெண்ணெய் மாதிரி இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள்.

அடுத்தது குளிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் மணம் மேலே எழும்பவே எழும்பாது. லாகர், பில்ஸ்னர் வகைக்கு 4 முதல் 7 டிகிரி சரி, பேல் ஏலுக்கும் ஐபிஏவுக்கும் 7 முதல் 10, கருப்பு நிற ஸ்டவுட்டும் 8 சதவீதத்துக்கு மேல் போகும் கனத்த பீர்களும் 10 முதல் 13. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், எடுத்து ஒரு இருபது நிமிடம் வெளியே வைத்தாலே பெரும்பாலும் போதும். நான் செய்வது கொஞ்சம் வேறு. குளிராகவே ஊற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, இருபத்தைந்து நிமிடம் கழித்து அதே பீரை மறுபடி எழுதுவேன். நல்ல ஸ்டவுட் என்றால் முதல் தடவை கருகலும் கசப்பும் மட்டும் இருக்கும், இரண்டாவது தடவை காபி, சாக்லெட், சில சமயம் உலர்திராட்சை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். மட்டமான பீர் என்றால் குளிர் மறைத்து வைத்திருந்த குற்றமெல்லாம் அப்போதுதான் தலை நீட்டும். குளிர் விட்டதும் குடிக்க முடியாமல் போகிற பீருக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் போட்டதே இல்லை.

டம்ளர். பாத்திரம் துலக்கும் சோப்பின் மிச்சமோ எண்ணெய்ப் பிசுக்கோ துளி இருந்தாலும் நுரை நிற்காது. பீரை ஊற்றிய பிறகு டம்ளரின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடம் அழுக்கு என்று அர்த்தம். சுத்தமான டம்ளரில் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமாக நுரை சுவரில் படிந்துகொண்டே வரும். வடிவத்துக்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், வாய் குறுகின ஒயின் கிளாஸ் ஒன்று இருந்தால் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்ச இடம் மணத்துக்கு.

இப்போது மூக்கு. ஊற்றிய முதல் அரை நிமிடத்தில் பறந்துபோகிற மணங்கள் உண்டு, அதனால் நிறத்தை ரசிப்பதற்கு முன்னால் முகருங்கள். உள்ளங்கையால் வாயை மூடி ஒரு சுற்று சுற்றி, கையை எடுத்து, நீளமாக இழுக்காமல் நாய் மோப்பம் பிடிப்பது போல இரண்டு மூன்று குட்டி இழுப்பு. மூக்கு சீக்கிரம் பழகி மரத்துப்போகும், அப்போது உங்கள் முழங்கையை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் ஐபிஏ எடுங்கள். கசப்பு தெரியும், கொஞ்சம் இனிப்பு தெரியும், கார்பனேஷனின் குத்தல் தெரியும், அவ்வளவுதான், சோடாவில் கசப்பு கலந்த மாதிரி. விழுங்கிவிட்டு வாயை மூடியபடியே விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அந்தப் பழமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்து விழும். நாம் "சுவை" என்று எழுதுவதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்குப் போகிற வாசனைதான்.

மதிப்பெண்ணுக்கு, ஐந்துக்கு இவ்வளவு என்று போடுவதை விட்டுவிட்டு பீர்ப் போட்டி நடுவர்களுக்குச் சான்று தரும் பிஜேசிபி அமைப்பின் 50 மதிப்பெண் தாளைப் பாருங்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் இருக்கும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். உங்கள் பதிவுகளில் பாதி வரி "அழகான பொன்னிறம்" என்று இருக்கும், இருக்கிறதா இல்லையா?

கடைசியாக ஒன்று, மூன்று பாட்டில் குடித்த ராத்திரிகளின் பக்கங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது பீருக்குத்தான் அதிக மதிப்பெண் விழுந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். 10 சதவீத ஸ்டவுட் 330 மில்லி என்பது 5 சதவீத லாகர் இரண்டு குடித்த கணக்கு, அதற்கு அப்புறம் எழுதுவது நீங்கள் இல்லை. ஒரு உட்காரலுக்கு மூன்று வகை, ஒவ்வொன்றும் 100 மில்லி, லேசானதில் ஆரம்பித்துக் கசப்பும் கனமும் கூடியதில் முடிப்பது. மீதியை யாருக்காவது கொடுங்கள், ஆள் இல்லையென்றால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டுங்கள்.


சும்மாகுடி எழுதியது:

பீரைக் குடிங்க பாஸ். முழங்கையை எல்லாம் எதுக்கு முகர்ந்துகிட்டு.


ஜன்னலோரம் எழுதியது:

@சும்மாகுடி, நீங்கள் சொல்வதும் நியாயம்தான், நான் வாரத்தில் ஒரு நாள்தான் எழுதுவேன், மற்ற நாட்களில் எழுதுகிற பழக்கமே குடிக்கிற சுகத்தைக் கெடுத்துவிடுகிறது.

கேட்டவருக்கு: உங்கள் மே மாதக் காகித வாடைக்குப் பெயர் உண்டு. பீர் ஆக்சிஜன் பட்டுப் பழையதாகும்போது டிரான்ஸ்-2-நோனெனல் என்ற ஒன்று தலைதூக்கும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அது வருவதற்கு முன்னாலேயே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் கழன்றுபோயிருக்கும், அதனால்தான் "சப்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெப்பத்தில் வைத்திருந்தால் இது இன்னும் வேகம், 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டிலின் கழுத்திலோ கேனின் அடியிலோ நிரப்பிய தேதி இருக்கிறதா பாருங்கள், நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி போடுங்கள். பேல் ஏல், ஐபிஏ எல்லாம் நாள் ஆக ஆக இறங்கிக்கொண்டே போகும். பார்லி ஒயின் (பெயர்தான் ஒயின், அதுவும் பீர்தான்), இம்பீரியல் ஸ்டவுட் மாதிரி கனத்தவை மட்டும்தான் வருடக்கணக்கில் வைத்தால் தேறும், அதுவும் எல்லாம் இல்லை.

என் கதையைக் கேளுங்கள். புதிதாக எழுத ஆரம்பித்த காலத்தில் படம் எடுத்துப் போடுவதில் ஒரு பைத்தியம். பச்சை பாட்டில் பில்ஸ்னர் ஒன்றை, வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று ஜன்னல் மேடையில் வெயிலில் வைத்து, முன்னால் பின்னால் நகர்த்தி, துணியால் துடைத்து, அரை மணி நேரம் விதவிதமாகப் படம் எடுத்தேன். அப்புறம் மறுபடி குளிரவைத்துத் திறந்தேன். மூடி கழன்ற உடனே ஒரு நெடி வந்தது பாருங்கள், அழுகின முட்டைக்கோஸும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி. உடனே உட்கார்ந்து, "இதைக் காய்ச்சியவர் மூக்கில்லாதவர்" என்ற அளவுக்குக் காரசாரமாக எழுதி எல்லாரும் படிக்கும்படி போட்டும் விட்டேன். பத்து நாள் கழித்து அதே பெட்டியில் இருந்த இன்னொரு பாட்டில், அலமாரி இருட்டிலேயே கிடந்தது, தேன் மாதிரி இருந்தது.

நடந்தது என்னவென்றால், ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடையும், பீரிலேயே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும், உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தையால் என்ற நாற்றப் பொருளாக மாறும். ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றமும் இதற்கு நெருங்கிய உறவுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். நல்ல வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் இதைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் பேருக்குத்தான், கேனுக்கு இந்தப் பயமே இல்லை. அந்தப் பதிவை அழித்துவிட்டேன், ஆனால் அதற்குள் நாற்பது பேர் "ஆமாம், மட்டம்" என்று வழிமொழிந்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அதைக் குடித்தார்களோ.

இன்னும் சில வாடைகளைப் பழகிக்கொண்டால் உதவும். வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் வாடை டைஅசிட்டைல், ஈஸ்ட் தானே உண்டாக்கிக் கடைசியில் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், அவசரப்பட்டு ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால் பீரிலேயே தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாடை அசிட்டால்டிஹைடு, அதுவும் பெரும்பாலும் அவசரத்தின் அடையாளம்தான். வேகவைத்த மக்காச்சோள வாடை டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மம், மால்ட்டிலிருந்து வருவது, கொதிக்கும்போது ஆவியாகிப் போக வேண்டியது. ஆனால் எந்த வகை பீர் என்று தெரியாமல் குற்றம் கண்டுபிடிக்க வேண்டாம். ஜெர்மன் கோதுமை பீரான ஹெஃபெவைசனில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் இருந்தால் அது குற்றமில்லை, அந்த ஈஸ்ட்டின் கைவண்ணமே அதுதான். பிரஸ்ஸல்ஸ் பக்கம் திறந்த தொட்டியில் காற்றிலிருக்கும் காட்டு ஈஸ்ட் விழுந்து நொதிக்கட்டும் என்று விடுகிற லாம்பிக் புளிக்கத்தான் செய்யும், அதில் பிரெட்டனோமைசீஸ் என்ற காட்டு ஈஸ்ட் தரும் மணத்தைக் குதிரைப் போர்வை என்பார்கள். அதைக் குடித்துவிட்டு "கெட்டுப்போய்விட்டது, 1.5" என்று எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


சொல்தேடி எழுதியது:

குதிரைப் போர்வை! இதைத்தான் சொல்ல வந்தேன். நான் பிறந்ததிலிருந்து ஒரு குதிரைப் போர்வையைக்கூட முகர்ந்ததில்லை, இங்கே இருப்பவர்களில் யார் முகர்ந்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள். பைன் பிசின் வாடை என்று எழுதுகிறோம், பைன் மரத்தைப் பார்த்தது காலண்டரில். கேட்டவரின் பதினாலு ஐபிஏவும் ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் நாக்கு இல்லை, சொல். லேபிளில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதையே நோட்டில் நகல் எடுக்கிறோம். சிட்ரஸ் என்றால் என்ன? எலுமிச்சைச் சாறா, ஆரஞ்சுத் தோலா, நாரத்தையா, பம்பளிமாஸைப் பிரிக்கும்போது விரலில் ஒட்டுமே அந்த வெள்ளைத் தோலின் கசப்பா? நான்கும் நான்கு விதம். கேஸ்கேட் என்ற வகை ஹாப்ஸ் போட்ட பீருக்கு கடைசியாகச் சொன்னதுதான் கிட்டத்தில் வரும் என்பது என் கட்சி.

சொல்லப்போனால் இந்த விஷயத்தில் நம் மொழி பெரிய பணக்கார வீடு, நாம்தான் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறோம். மணம் வேறு, வாடை வேறு, நெடி வேறு, வீச்சம் வேறு, கவிச்சி வேறு. கேட்டவர் மே மாதத்தில் யோசிக்காமலே "காகித வாடை" என்று எழுதினார் பாருங்கள், மணம் என்று எழுதவில்லை, அந்த ஒரு சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. சாராயம் தூக்கலாக இருக்கும் பீரில் மூக்கில் ஏறுவது நெடி. அடியில் செத்த ஈஸ்ட்டோடு ரொம்ப நாள் கிடந்த பீரில் வருவதைக் கவிச்சி என்று எழுதிப் பார்த்தேன், கூடக் குடித்த நண்பர் "அதேதான்" என்றார். தொண்டையின் அடியில் அறுக்கிற மாதிரி நிற்பதற்குக் காறல் என்று ஒரு சொல் இருக்கிறது. கருக வறுத்த மால்ட்டை "ரோஸ்ட் குறிப்புகள்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கருகல் என்று எழுதினால் கை வலிக்குமா?

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கசப்பும் துவர்ப்பும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் கசப்பு என்றே எழுதிவிடுவார்கள், நமக்கு அறுசுவையில் துவர்ப்புக்கென்று தனி நாற்காலியே இருக்கிறது. கசப்பு ஹாப்ஸிலிருந்து வருவது, நாக்கு உணர்வது. துவர்ப்பு தானியத்தின் உமியிலிருந்து அதிகமாக இறங்கிவிட்ட டானின்களால் வருவது, அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் உள்பக்கமெல்லாம் உலர்ந்து இழுத்துப் பிடிக்கும், வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி. "நல்ல கசப்பு" என்று நீங்கள் எழுதியதில் எத்தனை உண்மையில் துவர்ப்போ, திரும்பக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு உபாயம்: விழுங்கிய பிறகு நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் கசப்பு மட்டும். சொரசொரப்பாகப் பிடித்தால் துவர்ப்பும் இருக்கிறது.

அப்புறம், நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்களே, அதை நம்பி நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்காதீர்கள். 1901-இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. நாக்கில் சுவைமொட்டு இருக்கிற எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.


மூன்றுடம்ளர் எழுதியது:

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அவர் மற்றவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாரே, அதை யாரும் பிடிக்கவில்லையே. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கோளாறும் அங்கேதான். 4.3 என்று படித்துவிட்டுக் குடித்தால் அந்த 4.3-ஐத் தேடித்தான் நாக்கு போகும். 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே பெரும்பாலும் அதற்கும் எழுதி வைத்தார்கள். படிப்பாளிகளுக்கே அந்தக் கதி, நாம் எம்மாத்திரம்.

அதனால் முக்கோணச் சோதனை செய்யுங்கள். இரண்டு பீர், மூன்று டம்ளர். ஒரு பீர் இரண்டு டம்ளரில், மற்றது ஒன்றில். ஊற்றுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், டம்ளரின் அடியில் எழுதி ஒட்டிவிட்டு அவர் அறையைவிட்டுப் போய்விட வேண்டும், முகத்தைப் பார்த்தே நாம் கண்டுபிடித்துவிடுவோம். மூன்றில் எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற பேச்சே கிடையாது. நிறம் வித்தியாசப்பட்டால் விளக்கை மங்கவைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் செய்ததை மறக்க முடியாது. இரண்டு பில்ஸ்னர், ஒன்றுக்கு நான் 4.5 போட்டு நண்பர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தது, மற்றது 3.25, "தண்ணி" என்று திட்டியது. மனைவி ஊற்றிக் கொடுத்தார், ஆறு சுற்று, ஒவ்வொன்றும் இரண்டு மடக்கு. ஆறில் இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டியிருந்தாலும் சராசரியாக அதே இரண்டுதான் வரும், ஏனென்றால் குருட்டாம்போக்கில் சரியாக விழ வாய்ப்பு மூன்றில் ஒன்று. மனைவி எதுவும் சொல்லவில்லை, அந்தக் காகிதத்தை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார். ஒரு வருடம் இருந்தது.

இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. கொஞ்சம் தரவை வைத்துக்கொண்டு எவ்வளவு தைரியமாக முடிவு சொல்லலாம் என்ற கேள்விக்கு, புள்ளியியல் படித்தவர்கள் எல்லாரும் போடும் டி-சோதனையைக் கொடுத்தவர் அயர்லாந்தின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். 1908-இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். பீர்க்காரர்கள் புள்ளியியலுக்குக் கடன்படவில்லை, புள்ளியியல்தான் பீருக்குக் கடன்பட்டிருக்கிறது.


தொட்டிக்காரன் எழுதியது:

ஃபிரிட்ஜ் கதவுக் காகிதம் அருமை. ஒரு திருத்தம் மட்டும், ஆறு சுற்று என்றால் 18 டம்ளர், ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஊற்றினாலே அரை லிட்டரைத் தாண்டிவிடும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசி இரண்டு சுற்றைக் கணக்கில் எடுக்கவே முடியாது.


நுரைக்கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன், அதனால்தான் பதில் தாமதம்.

முதலில் தொட்டிக்காரன் கட்டிய பந்தயம். மூன்று பாட்டில் ராத்திரிகள் ஒன்பது, அதில் ஏழில் மூன்றாவதுக்குத்தான் அதிக மதிப்பெண். நீங்கள் ஜெயித்தீர்கள். "அழகான பொன்னிறம்" 22 இடத்தில் இருக்கிறது, ஒரு ஸ்டவுட்டுக்குக்கூட "அழகான கருப்பு" என்று எழுதியிருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பேல் ஏல். மே மாதத்தில் வாங்கியதில் இன்னொரு பாட்டில் சமையலறை மேல்தட்டில் கிடந்தது, கழுத்தைத் துடைத்துப் பார்த்தால் நிரப்பி ஒன்பது மாதம். புதிதாக ஒன்று வாங்கினேன், அது ஐந்து வாரம்தான் ஆனது. தங்கை ஊற்றிக் கொடுத்தாள், ஒரு நாளைக்கு மூன்று சுற்று, இரண்டு நாள், முதல் நாள் இரண்டு பாட்டிலிலும் பாதி ஊற்றி, மீதியை இறுக்க மூடி ஃபிரிட்ஜில் வைத்து. ஆறில் ஐந்து சரி. குருட்டாம்போக்கில் ஐந்தோ ஆறோ விழ வாய்ப்பு 729-இல் 13 என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், காசெட் ஆன்மா சாந்தியடையட்டும். தப்பாகப் போன ஒன்று இரண்டாம் நாள் மூன்றாவது சுற்று, மூக்கு மரத்துப்போய் முழங்கையை முகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துத் தங்கை சிரித்த சிரிப்பில் கவனம் போய்விட்டது. ஆக மார்ச்சும் சரி, மே மாதமும் சரி, இரண்டு வெவ்வேறு பீரைத்தான் குடித்திருக்கிறேன்.

மற்ற பழைய பதிவுகளை என்ன செய்வது என்று தெரியவில்லை, அழிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். 62-ஆவது பதிவை மட்டும் கீழே போடுகிறேன், லேபிளைத் துணியால் சுற்றி, தங்கை ஊற்றியது, வகை மட்டும் சொன்னாள்.

"ஐபிஏ. நிரப்பி ஏழு வாரம். முதல் முகர்வில் பம்பளிமாஸின் வெள்ளைத் தோல், அதற்கு அடியில் அறுத்த புல். பழுத்த கொய்யா போல ஒன்று வந்து உடனே போய்விட்டது, மறுபடி தேடினேன், கிடைக்கவில்லை. நுரை வெள்ளை, விரல்கடை உயரம், நாலு நிமிடம் நின்றது. கசப்பு நாக்கில் சட்டென்று ஏறி மெதுவாக இறங்குகிறது, நடுவில் ரொட்டி ஓரம் மாதிரி லேசான மால்ட், அது போதவில்லை, கசப்புக்குக் கீழே தரை இல்லாத மாதிரி. விழுங்கியபின் மேலண்ணம் சொரசொரக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, இரண்டாவது மடக்கில் அது எரிச்சலாக ஆனது. 25 நிமிடம் கழித்து: மணம் பாதியாகிவிட்டது, சாராய நெடி கொஞ்சம் தலைகாட்டுகிறது, காறல் இல்லை. மணம் 8, தோற்றம் 3, சுவை 12, வாயில் 2, ஒட்டுமொத்தம் 5. ஐம்பதுக்கு 30."

அப்புறம் துணியை அவிழ்த்தேன். நோட்டில் 19-ஆவது பக்கத்தில் 4.5 போட்டு, இனிமேல் ஐபிஏ என்றால் இதுதான் என்று அடிக்கோடு போட்டிருக்கிறேனே, அதே பீர். பென்சிலை எடுத்து 30-ஐ 36 ஆக்கலாமா என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மாற்றவில்லை, ஆனால் அடுத்த வாரம் இன்னொரு பாட்டில் வாங்குகிறேன், இந்தத் தடவை தேதி பார்த்து.


சும்மாகுடி எழுதியது:

அந்த இன்னொரு பாட்டிலை எழுதாமல் குடிச்சுப் பாருங்க பாஸ். மிச்சமிருந்தா எனக்கு அனுப்புங்க, துவர்ப்பு எனக்குப் பிடிக்கும்.